ஆல்கே ஸ்கிரப்பருக்கு எல்.இ.டி. விளக்கு: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஆல்கே ஸ்கிரப்பர் என்பது மீன் தொட்டியில் பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் வடிகட்டி. சொரசொரப்பான பிளாஸ்டிக் வலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் இரு பக்கமும் தொட்டி நீரை மெல்லிய படலமாக வழியச் செய்து, அதன்மேல் பலமான ஒளியைப் பாய்ச்சினால், சில வாரங்களில் அந்த வலை முழுவதும் பச்சை நூல்பாசி அடர்ந்துவிடும். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நீரில் கரைந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டுதான் அந்தப் பாசி வளர்கிறது. ஆகவே வாரம் ஒரு முறையோ இரு வாரங்களுக்கு ஒரு முறையோ அதைச் சுரண்டி எடுத்து எறியும்போது, அந்தச் சத்துகளும் தொட்டியை விட்டு நிரந்தரமாக வெளியேறுகின்றன. தொட்டிக் கண்ணாடியிலும் பவளத்தின் மேலும் படிவதற்குப் பாசிக்கு உணவு மிஞ்சுவதில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஏடி, பவளப் பாறைகளின் மேல் புல்தரை போலப் படரும் குட்டைப் பாசிகளை ஆராய்ந்து, அதே வேலையைத் தொட்டியிலும் செய்யும் கருவியை அமைத்து 1982ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அன்றைய ஸ்கிரப்பர்களுக்கு வெப்பம் கக்கும் பெரிய உலோக ஹாலைடு விளக்குகள் தேவைப்பட்டன. இன்று உள்ளங்கை அளவு எல்.இ.டி. பலகை போதும் என்பதால், வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் விளக்கிலிருந்து தொடங்குகிறார்கள். கண்ணைக் கவரும் ஊதா நிற வளர்ப்பு விளக்கு ஒன்றை வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற பெட்டியைத் தேடுவதே வழக்கமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் இரண்டு மாதங்கள் வீணாயின. தீனியிலிருந்து திரையும், திரையிலிருந்து நீரோட்டமும், இவற்றிலிருந்து விளக்கும் பிறக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வரிசை. இது கடல் நீர்த் தொட்டிக்கும், செடிகள் இல்லாத நன்னீர்த் தொட்டிக்கும் பொருந்தும். நீர்ச்செடிகள் நிறைந்த தொட்டிக்கு ஸ்கிரப்பர் தேவையில்லை. செடிகள் உண்ண வேண்டியதைத் திரையிலுள்ள பாசி பிடுங்கிக்கொள்ளும்.

தீனி, திரை, நீரோட்டம்

தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்பதே திரையின் அளவை முடிவு செய்கிறது. மீன் வளர்ப்போர் நெடுநாளாகக் கையாளும் விதி இது: நாளொன்றுக்கு ஓர் உறைநிலைத் தீனிக் கட்டிக்கு, இரு பக்கமும் ஒளி படும் 12 சதுர அங்குலத் திரை. செதில் தீனி போடுபவர்கள் ஏறக்குறைய பத்துச் சிட்டிகையை ஒரு கட்டியாகக் கணக்கிடலாம். ஒரு பக்கம் மட்டுமே ஒளி படுமாறு அமைத்தால் திரையின் பரப்பை இரட்டிப்பாக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து செல்லலாம். நாளுக்கு இரண்டு கட்டித் தீனி விழும் ஒரு தொட்டிக்கு 24 சதுர அங்குலம் வேண்டும். அதாவது 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள திரை. எம்பிராய்டரிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் வலையை வாங்கி, இரு பக்கத்தையும் ரம்பத்தின் பற்களால் தேய்த்து, தொட்டால் கள்ளிச்செடி போலக் குத்தும் அளவுக்குச் சொரசொரப்பாக்க வேண்டும். இந்த வேலையில் சோம்பல்பட்டால், எவ்வளவு நல்ல விளக்கை வாங்கினாலும் பாசி வேர்ப்பிடி கிடைக்காமல் உரிந்து விழுந்துகொண்டே இருக்கும்.

நீரோட்டத்துக்கான கணக்கு, திரையின் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 130 லிட்டர். நமது 4 அங்குலத் திரைக்கு மணிக்கு 520 லிட்டர் வேண்டும். இது திரையின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கும் குழாயின் பிளவிலிருந்து உண்மையில் வழிய வேண்டிய அளவு. மோட்டாரின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு அல்ல. மோட்டார் நீரை மேலே ஏற்றும்போது அதன் வேகம் குறையும் என்பதால், ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒன்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தால் சரி. விளக்கைப் பற்றிய கட்டுரையில் நீரோட்டம் எதற்கு என்று தோன்றலாம். பாசி ஒளியைப் பயன்படுத்த வேண்டுமானால் அதே வேகத்தில் சத்து அதனிடம் வந்து சேர வேண்டும். நீர் சொட்டுச் சொட்டாக வழியும் திரையில் பலமான ஒளியைப் பாய்ச்சினால் பாசி வளர்வதற்குப் பதில் வெளிறிவிடும்.

எத்தனை வாட்

முன்பு சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்குகளைப் பயன்படுத்திய காலத்தில், ஒரு கட்டித் தீனிக்கு 12 வாட், நாளுக்கு 18 மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். எல்.இ.டி. ஒளியை ஒரே திசையில் வீசுவதாலும், மின்சாரத்தை ஒளியாக்குவதில் திறன் மிகுந்ததாலும் அதில் பாதி போதும். திரையின் ஒரு பக்கத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குக் கால் வாட் என்பதைத் தொடக்க அளவாகவும், அரை வாட் என்பதை மேல் எல்லையாகவும் கொள்ளலாம். நமது எடுத்துக்காட்டில் பக்கத்துக்கு 6 வாட், மொத்தம் 12 வாட். இவ்வளவுதானா என்று வியப்பவர்கள்தான் 50 வாட் விளக்கை வாங்கித் திரையைக் கருக்குகிறார்கள்.

கணக்கு சரியா என்று இன்னொரு வழியிலும் பார்க்கலாம். ஒளிச்சேர்க்கையில் முக்கியமானது வாட் அல்ல, இலையிலோ பாசியிலோ வந்து விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒரு வாட் ஒளி 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பாக இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 5.5 மைக்ரோமோல் ஒளித்துகள்களைத் தருகிறது. அதே ஒரு வாட் 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் 3.8 மட்டுமே. எல்.இ.டி. தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் ஒளியாக்குவதில்லை. ஓரளவு தரமான விளக்கு, வாங்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் 2 மைக்ரோமோலுக்குச் சற்று மேல் தரும் என்று கொண்டால், 6 வாட் விளக்கிலிருந்து நொடிக்குச் சுமார் 13 கிடைக்கும். அதில் பாதி சிதறி வீணானாலும், 24 சதுர அங்குலப் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமோல் என்ற செறிவு அமைந்துவிடுகிறது. நண்பகல் வெயிலின் செறிவு சுமார் 2000. வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு நாளில் 18 மணி நேரம் இடைவிடாமல் பெறும் பாசிக்கு அது தாராளம்தான்.

இந்த இடத்தில் லூமன் என்ற அளவை ஒதுக்கிவைக்க வேண்டும். லூமன் மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் அளவு. 660 நானோமீட்டர் சிவப்பை நம் கண், பச்சையை உணரும் திறனில் சுமார் 6 விழுக்காடு மட்டுமே உணர்கிறது. அதனால் பாசிக்கு விருந்தாக இருக்கும் சிவப்பு விளக்கு நமக்கு மங்கலாகத் தெரிகிறது. "போதவில்லை போலிருக்கிறது" என்று இன்னொன்றைச் சேர்க்கத் தூண்டுகிறது. கண்ணை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

பெட்டியில் அச்சிட்டதும் பிளக்கில் ஓடுவதும்

நான் முதலில் வாங்கிய விளக்கின் பெட்டியில் 100 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மின் அளவுமானியில் செருகிப் பார்த்தபோது அது வாங்கியது 22 வாட். மலிவான வளர்ப்பு விளக்குகளில் இது விதிவிலக்கல்ல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு எல்.இ.டி.யும் தன் உச்ச அளவில் எரிந்தால் எவ்வளவு என்று கூட்டிப் போட்ட எண்ணைப் பெட்டியில் அச்சிடுகிறார்கள். இன்னும் சிலர் பழைய குண்டு விளக்குக்கு ஈடான அளவு என்ற பெயரில் அதையும் பெருக்கிக்கொள்கிறார்கள். ஆகவே "சுவரிலிருந்து எத்தனை வாட் வாங்கும்" என்று கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரியாவிட்டால் அளந்து பார்க்கும் வரை அந்த விளக்கைத் தெரியாத அளவாகவே கருதுங்கள்.

பிளக்குக்கும் கருவிக்கும் இடையில் செருகும் அளவுமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்க மனமில்லாதவர்களுக்கு வீட்டு மின்மீட்டரே உதவும். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 10 வாட் விளக்கை மட்டும் எரியவிடும்போது சுமார் 112 நொடிக்கு ஒரு முறை சிவப்புப் புள்ளி சிமிட்டும். 56 நொடிக்கு ஒரு முறை சிமிட்டினால் அது 20 வாட். குளிர்பதனப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டால் கணக்கு தப்பும். சுவரில் அளக்கும் எண்ணில், வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றவாறு மாற்றித் தரும் டிரைவர் விழுங்கும் பத்துப் பதினைந்து விழுக்காடும் அடக்கம் என்பதால், நமக்கு வேண்டிய 12 வாட்டுக்கு மீட்டர் 14 என்று காட்டினால் பொருத்தம். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: 14 வாட் நாளுக்கு 18 மணி நேரம் எரிந்தால் தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கில் 15 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்.

எந்த நிறம்

பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. இந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டுதான் ஊதா நிற விளக்குகளின் சந்தையே நடக்கிறது. உண்மைதான், ஆனால் அரை உண்மை. நீலமும் சிவப்பும் சம அளவில் இருக்கும் விளக்கு ஸ்கிரப்பருக்கு ஏற்றதல்ல. நீலத்தைப் பாசி மிக வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அதைச் செலவிட முடியாமல் திணறும்போது அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பு சேதமடைந்து வளர்ச்சி தடைப்படுகிறது. சிவப்பு ஐந்து அல்லது ஆறு பங்குக்கு நீலம் ஒரு பங்கு என்ற அளவில் தொடங்குவது நல்லது. சிவப்பிலும் இரண்டு வகை உண்டு. 630 நானோமீட்டர் சாதாரணச் சிவப்பு, 660 நானோமீட்டர் அடர்சிவப்பு. இரண்டும் வேலை செய்யும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் 660 வாங்கலாம்.

பச்சை ஒளி வீண் என்று விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு மெல்லிய பாசி இழை பச்சை ஒளியில் பெரும்பகுதியைத் தப்பவிடும். ஆனால் அரை அங்குலத் தடிமனுக்கு அடர்ந்த பாசியில், மேல் இழை தப்பவிட்டதைக் கீழ் இழை பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் சாதாரண வார்ம் ஒயிட் விளக்குகளும், அதாவது 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல் வெள்ளை விளக்குகளும், ஸ்கிரப்பரில் நன்றாகவே வேலை செய்கின்றன. நம் ஊர்க் கடைகளில் வெறுமனே எல்.இ.டி. விளக்கு என்று கேட்டால் 6500 கெல்வின் கூல் டேலைட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. பாசி வளரும், ஆனால் அதே வாட்டில் வார்ம் ஒயிட் தரும் அளவுக்கு வளராது. வார்ம் ஒயிட் என்று பெயர் சொல்லிக் கேட்டு, பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளை ஒளிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சிவப்பும் நீலமும் மட்டுமே உள்ள விளக்கின் கீழ் பச்சைப் பாசி கறுப்பாகத் தெரியும்; பிரதிபலிக்கப் பச்சை ஒளியே அங்கு இல்லை. முதல் ஸ்கிரப்பரில் பாசி கறுத்துவிட்டது என்று பதறிப்போய்த் திரையைச் சன்னலோரம் எடுத்துச் சென்றபோது, அது பசும்புல் நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து என் விளக்குகளில் ஒன்றிரண்டு வெள்ளையாவது இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன்.

கடையில் எதை வாங்குவது

முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை, கண்ணாடி முகப்பும் அலுமினிய உடலும் கொண்ட, ஐ.பி. 65 தரத்தில் நீர் புகாதவாறு அடைக்கப்பட்ட 10 வாட் ஃபிளட் லைட் இரண்டு. நிறம் வார்ம் ஒயிட் அல்லது இளஞ்சிவப்புச் சாயலில் எரியும் முழு நிறமாலை வகை. ஐ.பி. 65 என்பது தூசி புகாது, எத்திசையிலிருந்து நீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கான குறி. நீரில் மூழ்கினால் தாங்கும் என்பதல்ல. இவ்வகை விளக்கின் குறை, ஒளி முழுவதும் நடுவில் உள்ள சிறு சதுரத்திலிருந்து வருவதுதான். திரைக்கு மிக அருகில் வைத்தால் நடுப்பகுதி கருகும், ஓரம் பட்டினி கிடக்கும். நான்கு அங்குலம் தள்ளி வைத்து, தேவைப்பட்டால் இடையில் விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றைச் செருகினால் இது பெருமளவு தீரும்.

செடி வளர்ப்பவர்களுக்கான பலகை விளக்குகள், நூற்றுக்கணக்கான சிறு எல்.இ.டி.களை ஒரு தகட்டில் பரப்பியவை, ஒளியைச் சீராகத் தருவதில் சிறந்தவை. ஆனால் அவற்றின் அளவு நம் திரையைவிடப் பல மடங்கு பெரியது. நான்கு அங்குலத் திரைக்கு ஓரடிப் பலகை வைப்பது வீண்செலவு. பெரிய தொட்டி, பெரிய திரை வைத்திருப்பவர்கள் மட்டும் இவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஒட்டும் வகை எல்.இ.டி. பட்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. வலுவும் போதாது, ஈரத்தில் பசையும் நிற்காது.

முற்றிலும் தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டிரைவர் தேவையில்லை, நேரடியாக 220 வோல்ட்டில் இணைக்கலாம் என்று விற்கப்படும் சதுர சிப். அதன் ஒளிரும் முகத்துக்கு அருகிலேயே வீட்டு மின்சாரம் ஓடுகிறது. உப்பு நீர் தெறிக்கும் இடத்தில் அது உயிருக்கு உலை வைக்கும் பொருள். மற்றொன்று, சோளக்கதிர் போல எல்.இ.டி.கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், மேலுறை இல்லாத திருகு பல்பு. விலை குறைவு என்பதைத் தவிர அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சொந்தமாகக் கோத்துக்கொள்ள விரும்புவோருக்கு

சாலிடரிங் இரும்பைக் கையாளத் தெரிந்தவர்கள், நட்சத்திர வடிவத் தகட்டில் வரும் 3 வாட் எல்.இ.டி.களை வாங்கித் தாங்களே விளக்கைச் செய்துகொள்ளலாம். சென்னையில் ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களில் இணையக் கடைகளிலும் எல்.இ.டி., அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க், டிரைவர் எல்லாம் கிடைக்கின்றன. இதன் பெரிய நன்மை, ஒளியைத் திரையின் வடிவத்துக்கே தைத்துக்கொள்ளலாம் என்பது. நமது 4க்கு 6 அங்குலத் திரைக்குப் பக்கத்துக்கு எட்டு எல்.இ.டி.களை, இரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்காக அமைக்கலாம். அவற்றில் ஆறு 660 நானோமீட்டர் சிவப்பு, இரண்டு வார்ம் ஒயிட். வெள்ளை எல்.இ.டி.க்குள் நீலம் ஏற்கெனவே இருப்பதால் தனியே நீலம் சேர்க்க வேண்டியதில்லை.

3 வாட் எல்.இ.டி.யை அதன் உச்சமான 700 மில்லி ஆம்பியரில் ஓட்டாமல், பாதியளவான 350 மில்லி ஆம்பியரில் ஓட்டுவதே நல்லது. மின்னோட்டம் குறையும்போது எல்.இ.டி.யின் திறன் கூடுகிறது, சூடு குறைகிறது, ஆயுள் நீள்கிறது. அந்த அளவில் சிவப்பு ஒன்று ஏறத்தாழ 2.1 வோல்ட்டையும், வெள்ளை ஏறத்தாழ 3 வோல்ட்டையும் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்தின் எட்டையும் தொடராக இணைத்தால் 18.6 வோல்ட், இரு பக்கத்தையும் ஒரே தொடராக்கினால் சுமார் 37 வோல்ட், மொத்தம் 13 வாட். 24 முதல் 42 வோல்ட் வரை தரக்கூடிய 350 மில்லி ஆம்பியர் மாறா மின்னோட்ட டிரைவர் ஒன்றே முழு ஸ்கிரப்பருக்கும் போதும். ஒரே தொடரில் எல்லா எல்.இ.டி.யிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் இரு பக்கமும் ஒளி சமமாக இருக்கும் என்பதே இந்த அமைப்பை நான் விரும்புவதற்குக் காரணம். டிரைவர் இல்லாமல் சாதாரண அடாப்டரை நேரடியாக இணைப்பது கூடாது, எல்.இ.டி. சூடாகச் சூடாக அதிக மின்சாரத்தை இழுத்து, கடைசியில் எரிந்துபோகும்.

டிரைவர் வாங்கும்போது, உள்ளீட்டு மின்சாரத்திலிருந்து வெளியீடு மின்மாற்றியால் பிரிக்கப்பட்டதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய எல்.இ.டி. பல்புகளிலிருந்து கழற்றியெடுத்த சிறு டிரைவர்கள் பலவற்றில் இந்தப் பிரிப்பு இல்லை. அவற்றின் வெளியீட்டுக் கம்பியைத் தொட்டாலே அதிர்ச்சி தாக்கும். எல்.இ.டி.களைத் தெர்மல் பேஸ்ட் தடவி அலுமினிய ஹீட் சிங்கில் திருக வேண்டும்; ஒரு மணி நேரம் எரிந்த பிறகும் ஹீட் சிங்கின் பின்புறத்தில் கையைச் சங்கடமில்லாமல் வைத்திருக்க முடிந்தால் அளவு சரி. இணைப்புகளை ஈரத்திலிருந்து காக்கச் சிலிக்கோன் தடவுபவர்கள், புளித்த வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். உலரும்போது அது வெளியிடும் அசிட்டிக் அமிலம் செம்பையும் சாலிடரையும் அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று குறிப்பிட்ட வகையே ஏற்றது.

மின்சாரமும் உப்பு நீரும்

ஸ்கிரப்பர் என்பது வழியும் நீருக்கு நான்கு அங்குலத்தில் மின் விளக்கை வைக்கும் ஏற்பாடு. எனவே தொட்டிக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் இருப்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் விளக்கை வாங்கும் முன் மின்பணியாளரை அழையுங்கள். உலோக உடல் கொண்ட ஃபிளட் லைட்டில் பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி எர்த்துக்கு உரியது. இரண்டு முள் பிளக்கைப் பொருத்தி அந்தக் கம்பியை வெட்டிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. இங்கே அது ஒருபோதும் கூடாது. ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறுமாறு வளைத்துவிட்டால், ஒயர் வழியே வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. விளக்குக்கும் திரைக்கும் இடையில் தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பொருத்துவதும் நேரம் வைப்பதும்

இரு விளக்குகளும் திரைக்கு ஒரே தொலைவில், நடுவில் எதிரெதிராக அமைய வேண்டும். ஒளி சீராக விழுகிறதா என்று பார்க்கக் கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலி உதவும். சிவப்பு விளக்கின் கீழ் அது காட்டும் எண்ணுக்குத் தனியே பொருள் இல்லை. ஆனால் அதே விளக்கின் கீழ் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்து, மூலையில் உள்ள எண் நடுவில் உள்ளதில் பாதிக்கும் கீழே போனால் விளக்கைச் சற்றுப் பின்னால் நகர்த்தலாம். திரையைப் பிடித்திருக்கும் பிளவுக் குழாயின் மேல் ஒளி விழாதவாறு கறுப்பு பிளாஸ்டிக் தகட்டால் மறைக்க வேண்டும். இல்லையென்றால் பிளவுக்குள்ளேயே பாசி வளர்ந்து நீரை அடைக்கும்.

தொடக்கத்தில் நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். புதுத் திரையில் ஒளியைத் தாங்கும் அளவுக்குப் பாசி இல்லை. முதல் வாரத்தில் பழுப்பு நிறப் படலமும் பிறகு வழவழப்பான கரும்பாசியும் வரும், இவை இயல்பானவை. வாரம் ஒரு முறை மென்மையாகத் துடைத்துவிட்டுக் காத்திருந்தால், மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் பச்சை நூல்பாசி தலைகாட்டும். பச்சை திரையில் பாதிக்கு மேல் பரவிய பிறகு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகக் கூட்டி 18 மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். பாசிக்குச் சிறிது நேரம் இருளும் விடலாம்; 24 மணி நேரமும் எரியவிட வேண்டியதில்லை. இருளுக்கான ஆறு மணி நேரத்தைத் தொட்டியின் சொந்த விளக்குகள் உச்சத்தில் எரியும் நண்பகலில் வைப்பது என் வழக்கம். இரவில் தொட்டியில் கரியமில வாயு பெருகி பி.எச். இறங்கும் நேரத்தில், ஸ்கிரப்பர் அந்த வாயுவை உண்டு சரிவைக் குறைக்கிறது. கடல் நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல.

திரையைப் படிப்பது

விளக்கு சரியாக அமைந்ததா என்பதைத் திரைதான் சொல்லும். எந்த அளவுமானியும் அந்த அளவுக்குச் சொல்லாது. வெள்ளை ஒளியில் எடுத்துப் பாருங்கள். ஆறு வாரங்களுக்குப் பிறகும் கரும்பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற படலமே வருகிறதென்றால், நீரில் உள்ள சத்துக்கு ஒளி போதவில்லை. நேரத்தைக் கூட்டுங்கள், அது 18 மணியைத் தொட்டும் மாறாவிட்டால் மட்டும் வாட்டைக் கூட்டுங்கள். வெளிறிய மஞ்சளாக, ரப்பர் போல வழுக்கும் பாசி வந்தால் ஒளி மிகுதி அல்லது நீரோட்டமும் சத்தும் குறைவு. முதலில் பிளவுக் குழாயைச் சுத்தம் செய்து நீரோட்டத்தை அளந்து, அது சரியாக இருந்தால் நேரத்தை மூன்று மணி குறையுங்கள். இந்த இரண்டாவது நிலையில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்: வளர்ச்சி குறைவு என்று எண்ணி இன்னும் ஒளியைக் கூட்டிவிடுகிறார்கள்.

நடுவில் வெறுமையாகவும் ஓரத்தில் பச்சையாகவும் இருந்தால் விளக்கு மிக அருகில் இருக்கிறது. நடுவில் பச்சை, ஓரத்தில் கருமை என்றால் ஒளி ஓரத்தை எட்டவில்லை. லென்ஸ் பொருத்திய விளக்கில் இது வழக்கம், லென்ஸைக் கழற்றிவிடலாம். மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு போல வெறுமை தெரிந்தால் விளக்கைத் தொடாதீர்கள். அந்த இடத்தில் பிளவு அடைபட்டிருக்கிறது. எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, இரண்டு அறுவடை வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.

பாசி அரை அங்குலத் தடிமன் ஆனதும் அறுவடை செய்யலாம். அதற்கு மேல் விட்டால் மேல் அடுக்கின் நிழலில் அடி அடுக்கு செத்து உரிந்து, உண்ட சத்தையெல்லாம் தொட்டிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுரண்டி, அடியில் மெல்லிய பச்சைப் படலத்தை விட்டுவைத்து, திரையை நன்னீரில் அலசிப் பொருத்துங்கள். கடல் நீர்த் தொட்டியில் பாசியைத் தின்னும் சிறு கணுக்காலிகள் இந்த நன்னீர்க் குளியலில் நீங்கும். திரையில் வழியும் நீர் வேகமாக ஆவியாவதால் கோடையில் தொட்டி சற்றுக் குளிரும். அதே வேளையில் உப்பின் அடர்த்தி ஏறும் என்பதால், நாள்தோறும் ஆர்.ஓ. நீரால் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். திரையை எடுத்த கையோடு விளக்கின் முன் உள்ள அக்ரிலிக் தகட்டையும் துடைத்துவிடுங்கள். அதில் படியும் உப்புப் படலம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு மாதம் துடைக்காமல் விட்டு ஒரு நாள் துடைத்த பிறகு லக்ஸ் செயலியை வைத்துப் பார்த்தால், புதிய விளக்கு வாங்க எண்ணியிருந்தவர்கள் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வார்கள்.